இளையராஜா சாருக்கு ஒரு வீட்டு விமானியின் மடல்

அன்புள்ள ராஜா சார்,

உங்களுக்கு நன்றி சொல்லி எழுதுகிறவர்களுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. தாலாட்டு, முதல் காதல், இரவுப் பேருந்து, தூக்கம் வராத ராத்திரி என்று ஆளாளுக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. என் கடன் கொஞ்சம் விநோதமானது. கணினியில் போர் விமானம் ஓட்டும்போது எந்த இசையைக் கேட்பது? உலகத்தில் யாரும் பெரிதாகக் கவலைப்படாத இந்தக் கேள்விக்கு 1986இல் ஒரு விடையும் 1988இல் இன்னொரு விடையும் போட்டு வைத்திருக்கிறீர்கள். 'ஹவ் டு நேம் இட்', 'நத்திங் பட் விண்ட்' என்ற அந்த இரண்டு இசைத்தொகுப்புகளுக்காகத்தான் இந்த மடல்.

உரிமை விஷயத்தில் நீங்கள் கறாரானவர் என்பது நீதிமன்றம் வரை தெரிந்த சங்கதி. ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டையும் ஒலிநாடாவாக ஒரு தடவை, குறுந்தகடாக ஒரு தடவை காசு கொடுத்தே வாங்கியிருக்கிறேன். விளையாட்டை ஊருக்கு ஒளிபரப்புகிற பழக்கமும் இல்லை. எல்லாம் என் ஹெட்போனோடு சரி.

நான் இருப்பது திருவனந்தபுரத்தில், பேட்டைப் பக்கம். பூர்வீகம் நாகர்கோவில். இந்த ஊரில் விமானச் சத்தம் இல்லாமல் ஒரு நாள் விடியாது. 1932இல் தொடங்கிய விமான நிலையம் ஊருக்கும் கடலுக்கும் நடுவே நீட்டிப் படுத்திருக்கிறது. ஆக்குளத்தில் விமானப்படையின் தென்மண்டலத் தலைமையகம். 1984இல் வந்தது. சூலூரும் தஞ்சாவூரும் அதன் ஆளுகையில்தான். 2020 ஜனவரியில் தஞ்சாவூருக்கு சுகோய்-30 படைப்பிரிவு வந்தபோது இங்கே தேநீர்க் கடையில்கூட அதைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் எங்கள் ஊரின் பெரிய விமானக் கதை அதற்குப் பிறகு நடந்தது. 2025 ஜூன் 14 இரவு, பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி ஒன்று, தன் கப்பலுக்குத் திரும்ப முடியாமல், எரிபொருள் குறைந்து, மழைக்கு நடுவே இங்கே வந்து இறங்கியது. இறங்கியதோடு ஹைட்ராலிக் கோளாறும் சேர்ந்துகொண்டது. ஜூலை 22 வரை நகரவில்லை. கேரளச் சுற்றுலாத் துறை அந்த விமானத்தை வைத்தே, வந்தவருக்குப் போக மனம் வராத ஊர் என்று விளம்பரப் படம் போட்டது. அந்த ஐந்து வாரமும் என்னைப் போன்ற வீட்டு விமானிகளுக்குத் திருவிழா. திரையில் மட்டுமே பார்த்த ஒன்று, கூப்பிடு தூரத்தில் நனைந்துகொண்டு நின்றால் சும்மா இருக்க முடியுமா?

விளையாட்டைப் பற்றி நான்கு வரி சொல்லிவிடுகிறேன். விமானச் சண்டை விளையாட்டில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, சினிமா ஜாதி. ஐம்பது அறுபது ஏவுகணை சுமந்துகொண்டு பறக்கலாம், நினைத்த மாத்திரத்தில் திரும்பலாம். இன்னொன்று சிமுலேட்டர். டிஜிட்டல் காம்பாட் சிமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது, சுருக்கமாக டிசிஎஸ். அதில் எஞ்சினை உயிர்ப்பிக்கவே ஒரு வரிசை சுவிட்சுகளைத் தட்ட வேண்டும். காக்கசஸ் மலைப் பகுதியின் வரைபடமும் சுகோய்-25டி என்கிற தாக்குதல் விமானமும் இலவசம். மற்றதில் பெரும்பாலானவை பர்ஸைப் பொறுத்தவை. நான் காசு கொடுத்து வாங்கியது மிக்-21. 1963 முதல் நம் விமானப்படையில் பறந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடை பெற்றதே, அதேதான். நாகர்கோவிலிலிருந்து என் அக்கா மகன் இணையம் வழியாகக் கூடவே பறப்பான்.

இதில் காதுக்கு இருக்கும் வேலை, ஓட்டிப் பார்க்காதவர்களுக்குத் தெரியாது. நிஜ விமானிக்கு உடம்பு முழுவதும் சேதி சொல்லும். திருப்பத்தில் இருக்கை முதுகை அழுத்தும், ரத்தம் காலுக்கு இறங்கும், இறக்கை திணறினால் தொடை நடுங்கும். என் நாற்காலி எதுவும் சொல்லாது. அசையாமல் கிடக்கும். ஆகவே உடம்பு செய்ய வேண்டிய வேலையையும் காதே சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. மிக்-21இன் ராடார் எச்சரிக்கைக் கருவியில் நான்கு விளக்குகள்தான். எதிரி எந்தப் பக்கம் என்று விளக்கு சொல்லும்; எவ்வளவு மும்முரமாக நம்மைத் தேடுகிறான் என்பதை அதன் 'பீப்' சத்தம் சொல்லும். இடைவெளி விட்டு ஒலித்தால் தேடுகிறான். மூச்சு விடாமல் ஒலித்தால் பிடித்துவிட்டான். நம் ஏவுகணையின் முனையில் இருக்கும் வெப்ப உணரி இரையைக் கண்டுகொண்டதும் ஹெட்போனில் ஒரு உறுமல் வரும். இறக்கையில் காற்று பிய்ந்து போவதற்குக் கொஞ்சம் முன்னால், விமானம் உதறுகிற சத்தம். இவ்வளவுக்கும் நடுவில் ரேடியோவில் ஆள் பேசுவான். அமெரிக்க விமானங்களில் எச்சரிக்கை சொல்ல ஒரு பெண்குரலே இருக்கிறது. சூப்பர் ஹார்னெட்டில் ஒலிக்கும் குரல் லெஸ்லி ஷூக் என்கிற போயிங் ஊழியருடையது. அவர் 2016இல் ஓய்வு பெற்றுவிட்டார். குரல் இன்னும் வேலையில் இருக்கிறது.

இத்தனை சத்தத்துக்கு மேல் பாட்டு எதற்கு என்று என் மனைவி கேட்பார். நியாயமான கேள்வி. பதில் என்னவென்றால், சண்டை என்பது சில நிமிடம்தான். அதற்குப் போய்ச் சேரவும் திரும்பி வரவும் ஆகிற நேரம்தான் பெரிது. மலைக்கு மேலே, மேகத்துக்கு மேலே, ஒன்றுமே நடக்காத நீண்ட நேரம். அந்த நேரத்தில் இசை இல்லாவிட்டால் மனம் அலுவலகத்துக்குப் போய்விடும். சண்டை தொடங்கிய பிறகு பாட்டை நிறுத்தக் கை ஒழியாது. ஆகவே பயணத்துக்கும் பொருந்த வேண்டும், சண்டைக்கும் பொருந்த வேண்டும். தேர்வு சிக்கலாவது இங்கேதான்.

எல்லோரும் முதலில் போய் விழுகிற இடத்தில் நானும் விழுந்தேன். 1986இல் வந்த 'டாப் கன்' படம். ஜார்ஜியோ மொரோடர் இசையமைத்து கென்னி லாகின்ஸ் பாடிய 'டேஞ்சர் ஸோன்' இல்லாமல் போர் விமானம் ஓட்டத் தொடங்கியவர் யாருமே இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கேட்டவுடன் நரம்பு முறுக்கேறும். கை ஜாய்ஸ்டிக்கை வயிறு வரை இழுக்கும். மிக்-21இன் முக்கோண இறக்கைக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்சமாகத் திருப்பினால் சொன்ன பேச்சு கேட்கும். வெறியோடு இழுத்தால் வேகத்தை முழுவதும் கொட்டிவிட்டு நடுவானில் நிற்கும். வேகம் இழந்த மிக்-21 சுட்டுத் தள்ள வாகான இலக்கு. பாட்டின் முதல் சரணம் முடிவதற்குள் கதை முடிந்துவிடும். வீரத்தை ஏற்றுகிற எல்லா இசைக்கும் இந்தக் கோளாறு இருக்கிறது. குத்துப்பாட்டும் அப்படியே, அது கைக்கு மட்டும் இல்லாமல் காலுக்கும் வேலை வைக்கும், ரட்டர் பெடல் காலுக்கடியில்தானே இருக்கிறது. வாக்னரின் வால்கிரி இசையை 'அபோகலிப்ஸ் நவ்' படத்தில் ஹெலிகாப்டரில் ஒலிபெருக்கி கட்டிப் போட்டார்களே, அது கீழே இருப்பவனை மிரட்ட. மேலே இருப்பவன் காரியத்தைக் கவனிக்க அல்ல. 1979இலிருந்து அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு எத்தனையோ பேர் விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

ஜப்பான்காரர்களைச் சொல்லாமல் விடுவது பாவம். விளையாட ஆரம்பிக்கும் முன் என்ன பாட்டு வேண்டும் என்று ஆட்டக்காரனையே தேர்ந்தெடுக்கச் சொன்னது, சேகா நிறுவனத்தின் 'அவுட் ரன்'. அதுவும் 1986தான். கார் ஓட்டுகிற ஆட்டம். ரேடியோவைத் திருப்புகிற மாதிரி பாட்டைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் வண்டி கிளம்பும். விமானத்தில் 'ஏஸ் காம்பாட்' வரிசைக்கு இசையமைத்தவர்களில் கெய்கி கோபயாஷி என்பவர் பெரிய ஆள். 2006இல் வந்த 'ஏஸ் காம்பாட் ஸீரோ'வின் கடைசி ஒண்டிக்கு ஒண்டி சண்டைக்கு ஸ்பானிய ஃபிளமென்கோ கிட்டாரை வைத்தார் பாருங்கள், உங்களுக்கே பிடிக்கும். ஆனால் அது சினிமா ஜாதி விளையாட்டு. சண்டையே இசைக்கு ஏற்றாற்போல் கட்டப்பட்டது. அந்த கிட்டாரைக் கொண்டுவந்து சிமுலேட்டரில் போட்டால் ஒட்டாது.

சரி, நம் ஊர்ச் சரக்கு என்று கர்நாடக சங்கீதத்துக்கு வந்தேன். இந்த ஊரில் அதற்கு வசதி உண்டு. கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலை கச்சேரி நடக்கும். சுவாதித் திருநாளின் கிருதிதான் பிரதானம். முதல் நாள் சங்கராபரணம், கடைசி நாள் ஆரபி என்று ராகம் முன்கூட்டியே தீர்மானம். கை தட்டக் கூடாது. தட்டாமல் கேட்டுப் பழகினால் காது கூர்மையாகும், அது நிஜம். விமானத்தில் என்ன ஆயிற்று? ராக ஆலாபனை வரைக்கும் சுகமாகப் போனது. தனி ஆவர்த்தனம் வந்ததும் வலது கை தானாகத் தொடைக்கு இறங்கித் தாளம் போட ஆரம்பித்தது. ஜாய்ஸ்டிக்கை யார் பிடிப்பது? இன்னொரு சங்கடம், கோர்வை சமத்தில் வந்து விழுகிறதா என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது விமானம் நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். நேராகப் போகிறவனை அடிப்பது குழந்தைக்கும் முடியும். மிருதங்கம் பெரிய கலை. பெரிய கலை என்பதால்தான் முழு ஆளையும் கேட்கிறது, மிச்சம் வைக்காது.

அடுத்து உங்கள் திரைப்பாடல்கள். சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. உங்கள் பாட்டைக் கேட்டு நான் அடிவாங்கிய அளவுக்கு டேஞ்சர் ஸோனிடம் வாங்கியதில்லை. காரணம், வார்த்தை. பாலு சார் பல்லவியை எடுத்தால் நானும் கூட எடுத்துவிடுவேன். நாம் பாடிக்கொண்டிருக்கையில் 'பீப்' காதில் ஏறாது. அதைவிட மோசம் உங்கள் இடையிசை. சரணத்துக்கு முன்னால் வயலின்கள் கும்பலாகக் கிளம்பும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம் எங்கள் தலைமுறைக்கே இருக்கிறது. "மாமா, பொறத்தால வாரான்! பொறத்தால!" என்று மருமகன் ரேடியோவில் கத்துவான். கண்ணைத் திறந்தால் திரை கறுப்பாக இருக்கும். ஏற்கெனவே தெரிந்த பாட்டு நினைவுகளோடு வருகிறது, அந்த நினைவுகள் காக்பிட்டில் இடத்தை அடைத்துக்கொள்கின்றன.

இதற்கெல்லாம் பிறகு 'ஹவ் டு நேம் இட்' ஹெட்போனில் வந்தது. தியாகராஜரையும் ஜெர்மன் இசைமேதை பாக்கையும் ஒரே முற்றத்தில் உட்கார வைத்து நீங்கள் எழுதியது. வி.எஸ். நரசிம்மனின் வயலின். அதில் 'மேட் மாட் மூட் ஃபியூக்' என்ற துண்டைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

ஃபியூக் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல நான் யார். இந்த மடலைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு குரல் தனியாக ஒரு மெட்டைச் சொல்லும். அது முடிகிற இடத்தில் இரண்டாவது குரல் அதே மெட்டோடு, வேறு சுருதியில், பின்னாலேயே நுழையும். முதல் குரல் நின்று வழிவிடாது, வேறு ஒரு வரியைச் சொல்லிக்கொண்டு முன்னால் போகும். மூன்றாவது வரும். யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை, எல்லாம் முதன்மைக் குரல்கள். வான்சண்டையைப் பார்த்திருந்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒருவன் திரும்புவான். பின்னால் வருகிறவன் அதே வளைவைக் கொஞ்ச நேரம் கழித்து, கொஞ்சம் உயரத்தில் போடுவான். முன்னவன் மாற்றுவான். இருவரும் ஒருவரை ஒருவர் குறுக்கே வெட்டிக்கொண்டு போவார்கள். அந்தத் துண்டு ஓடும்போது நான் செய்த சண்டைகளில் அவசரம் இருக்கவில்லை. அவன் வளைவு முடியட்டும், நம் நுழைவு வரட்டும் என்று பொறுக்க முடிந்தது.

ஆனால் என் நன்றிக்குக் காரணம் அந்த ஒப்புமை இல்லை. பலகுரல் இசையைக் கேட்கிற காது ஒரு குரலிலேயே குடியிருக்காது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே, எல்லாவற்றையும் அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும். கர்நாடகக் கச்சேரியில் பாட்டு ஒரே வரி. நாம் அதில் கரைந்துவிட வேண்டும் என்பதுதான் அங்கே எதிர்பார்ப்பு. உங்கள் வயலின்கள் நான்கு வரிகளைத் தந்து, எதிலும் கரையவிடாமல் வைத்திருக்கின்றன. அப்படி விழித்திருக்கும் காதுக்கு எச்சரிக்கை 'பீப்' ஐந்தாவது குரலாக உள்ளே வந்துவிடுகிறது, ஏவுகணை உறுமல் ஆறாவது. வெளியிலிருந்து வந்த தொந்தரவாக அவை தோன்றுவதில்லை. மருமகன் கத்துவதும் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது. எல்லோரும் 'கவனத்தைக் குவிக்கும் இசை' என்று தேடுகிறார்கள். விமானச் சண்டைக்கு வேண்டியது கவனத்தைப் பரப்பி வைக்கும் இசை.

'நத்திங் பட் விண்ட்' வேறு மாதிரி. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பின்னால் பெரிய வாத்தியக் குழு. சண்டைக்கு அது வேண்டாம். அது வீடு திரும்புவதற்கு. நான் இறங்குகிற பத்தூமி விமான தளம் கருங்கடல் கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், கரைக்குப் பக்கத்திலேயே ஓடுபாதை. எங்கள் ஊர்ச் சங்குமுகம் கடற்கரையைப் பார்த்துப் பழகியவனுக்கு அந்நியமாகத் தெரியாது. மிக்-21 தரை தொடும் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டி வரும். மூக்கு நீட்டிக்கொண்டிருப்பதால் ஓடுபாதை பாதி தெரியாது. வேகம் கொஞ்சம் குறைந்தால் பொத்தென்று விழும், கூடினால் பாதையைத் தாண்டிப் புல்லில் போய் நிற்கும். இந்த இடத்தில் கைக்குத் தேவை பதற்றமில்லாத சின்னச் சின்னத் திருத்தங்கள். சௌராசியாஜி ஒரு சுரத்தை ஊதி நிறுத்தி, அதன் முடிவில் மூச்சை எப்படி மெல்ல விடுகிறார் என்று கேட்டால், த்ராட்டிலை எப்படிக் குறைக்க வேண்டும் என்பது கைக்குத் தானாகத் தெரிகிறது. குழலின் ஓசை கீழ் ஸ்தாயியில் புழங்குவதால் மேலே ஒலிக்கும் எச்சரிக்கைச் சத்தத்தோடு மோதுவதும் இல்லை. மாண்டலினைப் போட்டுப் பார்த்தபோது எது மீட்டல், எது எச்சரிக்கை என்று தடுமாறியிருக்கிறேன்.

படத்துக்கு இசை எழுதும்போது எங்கே இசை வேண்டாம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறவர் நீங்கள் என்று திரைத்துறையில் எல்லோரும் சொல்வார்கள். 'பழசி ராஜா'வின் பின்னணி இசைக்குத் தேசிய விருது வந்தபோது மலையாள நண்பர்கள் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள், நான் ஏதோ உங்கள் பங்காளி மாதிரி. இடம் விட்டு எழுதுகிற அந்தக் கை இந்த இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. படமே இல்லாத இடத்திலும், வேறு ஏதோ ஒரு ஒலி வரப்போகிறது என்று எதிர்பார்த்தே எழுதியதுபோல.

இடம் விடுவது என்றதும் எங்கள் ஊரின் இன்னொரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு இரண்டு தடவை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமியின் ஆறாட்டுக்காக, அதாவது சாமி கடலில் நீராடுவதற்காக, திருவனந்தபுரம் விமான நிலையம் சில மணி நேரம் மூடப்படும். விமானிகளுக்கு முறைப்படி முன்னறிவிப்பு போகும். ஓடுபாதையைக் குறுக்கே கடந்து ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும், இரவு அதே வழியில் திரும்பும். ஓடுபாதை வருவதற்கு முன்பே இருந்த வழி அது. சாமி போய் வந்த பிறகு விளக்கு எரியும், விமானம் இறங்கும். இந்த ஊரில் எஞ்சினும் மேளமும் ஒன்றுக்கொன்று நேரம் ஒதுக்கிக்கொள்கின்றன, பல வருஷமாக.

இன்னொருவரையும் நினைத்துக்கொள்கிறேன். தும்பாவில் ராக்கெட் வேலைக்கு வந்து திருவனந்தபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த ராமேஸ்வரத்துக்காரர், கலாம். போர் விமானி ஆக வேண்டும் என்று டேராடூனுக்குத் தேர்வுக்குப் போனார். எட்டு இடம், அவர் ஒன்பதாவது. கடைசியில் 2006 ஜூன் 8 அன்று, குடியரசுத் தலைவராக, 74 வயதில், புனேயிலிருந்து சுகோய்-30இல் பறந்தார். அவர் வீணை வாசிப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். வீணையையும் போர் விமானத்தையும் ஒரே ஆள் விரும்பியதில் நம் ஜனங்களுக்கு வியப்பு. எனக்கு வியப்பே இல்லை. விமானம் ஓட்ட வேண்டிய பொறுமை அங்கிருந்துதான் வரும்.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் குழு உங்கள் சிம்பொனியை வாசித்தது. நேரில் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பாட்டுக்கு மெட்டுக் கேட்டு உங்கள் வாசலில் வரிசை நின்றுகொண்டே இருக்கும், அது எனக்குத் தெரியும். என் விண்ணப்பம் ஒன்றே ஒன்று. 'ஹவ் டு நேம் இட்' போல, ஒரு சில வயலின்களும் ஒரு குழலும் போதும், பாட்டு எழுதுகிறவரைக் கூப்பிடாமல், பாடகரைக் கூப்பிடாமல், இன்னொரு தொகுப்பு போடுங்கள். விமானம், சண்டை என்று எதையும் மனதில் வைத்து எழுதிவிடாதீர்கள்; அது கெட்டுப்போகும். அது வெளிவருகிற நாளில் ஒலிநாடாவோ தகடோ தரவிறக்கமோ, எந்த வடிவத்தில் விற்றாலும் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொள்கிறேன். இரண்டாவது, நாகர்கோவிலில் இருக்கும் மருமகனுக்கு. அவன் இன்னும் டேஞ்சர் ஸோனையே விடவில்லை.


உங்கள் ரசிகன்,
பேட்டை, திருவனந்தபுரம்